புழுப் பார்க்கும் படலம்

மாமா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஹீத்ரோவில் பயணிகளின் பெட்டிகளை விமானத்தில் ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. எதற்கும் அவசரப்படாத மனிதர். பஸ் கண்ணெதிரே வெளிக்கிட்டுப் போனாலும் நடையை எட்டிப் போடமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு ஆகஸ்ட் மாதத்துப் பின்னேரம், புல்வெட்டும் மெஷினைத் தோட்டத்தின் நடுவில் போட்டுவிட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு குசினிக்குள் பாய்ந்து வந்து, கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகை அழுத்திக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, பாம்பு” என்றார்.

லண்டனில் பாம்பு இருக்காது என்ற ஒரு நம்பிக்கையில்தான் இந்தக் குளிரையெல்லாம் பொறுத்துக்கொண்டு இருக்கிறேன் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த ஒரு சொல்லில் அவருடைய பதினைந்து வருட நம்பிக்கையும் உடைந்துபோனது எனக்குத் தெரிந்தது. நான் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு யன்னலால் எட்டிப் பார்த்தேன். பாம்பைக் காணவில்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிற சிரிப்பு.

“அண்ணை, வெளியிலை வாங்கோ. இது பாம்பில்லை, புழு” என்றது குரல்.

அது எண்பதுகளின் கடைசி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஹவுன்ஸ்லோவில் மாமாவின் வீட்டுச் சின்ன அறையில் இருந்துகொண்டு, கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. படிக்க என்று எழுபதுகளில் வந்தவர், படிப்பை இடையில் விட்டு வேலைக்குப் போனார். ஊரில் அம்மாவுக்குக் கீழே மூன்று தங்கைமார் கலியாணத்துக்கு நின்றார்கள். ஒவ்வொருவராகக் கரைசேர்த்து முடித்து அவர் நிமிர்ந்து பார்த்தபோது நாற்பத்து மூன்று வயது. தலைமயிர் முன்பக்கத்தில் போய்விட்டிருந்தது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அம்மாதான் அவரை நினைத்து அடிக்கடி பெருமூச்சு விடுவார். ஹரோவில் என் அண்ணையோடு இருந்த அம்மா, தம்பிக்குப் பெண் தேடுவதை ஒரு முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தார். மாமா வருகிற படங்களையெல்லாம் பார்த்து, “நல்ல பிள்ளைதான் அக்கா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் சிரித்தவரை நாங்கள் மிஸி என்று கூப்பிட்டோம். ஊரில் தாதிமாரை அப்படித்தான் சொல்வது. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கலியாணம் முடித்து இரண்டாம் வருடமே கணவர் காய்ச்சலில் இறந்துபோக, இங்கே வந்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை எடுத்து, பக்கத்து வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். நாற்பது வயது இருக்கலாம். அதுவரைக்கும் அவருக்கும் மாமாவுக்கும் இடையே நடந்த பேச்சு, குப்பை லொறி எந்த நாளில் வரும் என்பதைத் தாண்டிப் போனதில்லை.

மிஸியின் பக்கத்தில் வேலியோரமாக ஒரு ஃபியூஷாச் செடி நின்றது. சிவப்பும் ஊதாவுமாக, காதில் போடும் தொங்கட்டான்போலப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். நாங்கள் அதற்குத் தொங்கட்டான் பூ என்றே பேர் வைத்திருந்தோம். அதன் கிளைகளில் பாதி எங்கள் பக்கம் சாய்ந்திருந்தன. அந்தக் கிளை ஒன்றில்தான் மாமாவின் பாம்பு இருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தபோது மாமா ஓடியதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. விரலளவு நீளம், விரலைவிடத் தடிப்பு. மண்ணிறத்தில் கறுப்புக் கறுப்பாக வரி. முன்பக்கம் ஒடுங்கி நீண்டு, யானைத் தும்பிக்கை இலையைத் தடவிப் பார்ப்பதுபோல அசைந்தது. வால்முனையில் ஒரு குட்டிக் கொம்பு. மிஸி ஒரு சின்னக் குச்சியால் மெல்லத் தொட்டார். உடனே அது தும்பிக்கையை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்துப் பக்கம் உப்பிப் பருத்தது. அந்த உப்பலில் இரண்டிரண்டாக நான்கு கண்கள், கறுப்பு நடுவும் வெளிறிய விளிம்புமாக, எங்களை முறைத்துப் பார்த்தன. மாமா ஓரடி பின்வாங்கினார்.

“அது கண் இல்லை அண்ணை. கண் மாதிரி ஒரு புள்ளி. பயப்படுத்திறதுக்கு” என்றார் மிஸி.

“அப்ப அது தன்ர வேலையைச் சரியாத்தான் செய்யுது” என்றார் மாமா.

மிஸி மறுபடி சிரிக்கத் தொடங்கினார். மாமாவும் சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவர் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல்தடவை. விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோலப் போனது. எங்கள் தெருவில் அப்படி ஒன்று போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்தி, அது கடந்த பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வது வழக்கம். அன்றைக்கு அது கடந்த பிறகும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

அதற்குப் பிறகு மாமா வேலையால் வந்ததும் நேரே தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார். செடியில் முதலில் மூன்று புழுக்கள் இருந்தன. இரண்டைக் கறுப்புக் குருவி ஒன்று கொத்திக்கொண்டு போனதை மிஸி யன்னலால் கண்டார். எஞ்சியது ஒன்று. அதைக் காப்பாற்ற மாமா பழைய யன்னல் வலைச்சீலை ஒன்றைக் கிளையைச் சுற்றிக் கட்டினார். புழுவைப் பார்க்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே கட்டினார். அது இலையைத் தின்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இலையின் ஓரத்தில் தொடங்கி, மேலிருந்து கீழாக, தையல் மெஷின் ஓடுவதுபோல வாய் போகும். ஒரு இலை முடிய நரம்பு மட்டும் நிற்கும். பிறகு அதுவும் போய்விடும். கீழே மிளகைவிடப் பெரிதாகக் கறுத்த எச்சம் சிதறிக் கிடக்கும். நர்ஸ் என்பதாலோ என்னவோ மிஸி அதையும் கவனிப்பார். “நல்லாச் செமிக்குது” என்று மாமாவுக்கு அறிக்கை கொடுப்பார்.

அது என்ன புழு என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. முருங்கையிலும் எருக்கலையிலும் இருப்பவை ஊரில் தெரியும், இது புதிது. மாமா நூலகத்துக்குப் போனார். அவருக்குப் புழுவின் இங்கிலிஷ் பேர் தெரியாததால், இரண்டு கையையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து, கழுத்தை உப்ப வைத்து, அங்கிருந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா உடனே ஒரு படப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். எலிபன்ட் ஹோக் மொத். யானையும் பருந்தும் சேர்ந்த ஒரு அந்துப்பூச்சி. “பாத்தியளே, யானை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்” என்று மாமா மிஸிக்கும் எனக்கும் மாறி மாறிச் சொன்னார். அவர் சொன்னது பாம்பு என்றுதான். நாங்கள் அதைத் திருத்தவில்லை.

புத்தகத்தை எங்கள் குசினி மேசையில் வைத்து மிஸி வாசித்தார், கடினமான சொற்களை நான் தமிழில் சொன்னேன், மாமா கேட்டார். ஆனி மாதத்தில் தாய்ப்பூச்சி இலையில் ஒவ்வொன்றாகப் பளபளக்கிற பச்சை முட்டைகளை இட்டுவிட்டுப் போகுமாம். பொரித்து வருகிற குஞ்சு முதலில் மெல்லிய பச்சை. தோலை உரித்து உரித்து வளர வளரத்தான் இந்த மண்ணிறம் வருமாம். புரட்டாதியில் செடியை விட்டு இறங்கி, சருகுக்குள் கூடு கட்டி, குளிர்காலம் முழுக்க அதற்குள்ளேயே கிடந்து, அடுத்த ஆனியில்தான் பூச்சியாக வெளியே வருமாம். பக்கத்தைப் புரட்டியபோது அந்தப் பூச்சியின் படம் இருந்தது. ரோஸும் பாசிப்பச்சையுமாக ஒன்று. மாமா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, “இதுவோ அது? அச்சிலை பிழை விட்டிருப்பாங்கள்” என்றார்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் புழுவின் நிறம் இன்னும் கறுத்தது. தின்பதை நிறுத்தியது. ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது, காலைச் சிஃப்ட் முடித்து வந்து படுத்திருக்க வேண்டிய மாமா, யூனிபோமோடு புல்லில் முழங்காலில் நின்றார். வலைக்குள்ளால் வெளியே வந்துவிட்ட புழு, செடியின் அடியால் இறங்கி, மிஸியின் பக்கமிருந்து வேலிக்குக் கீழாக நுழைந்து, எங்கள் புல்லைக் குறுக்கறுத்துப் போய்க்கொண்டிருந்தது. மாமா அதற்கு முன்னால் கிடந்த கல்லையும் தடியையும் எடுத்து வழிவிட்டுக்கொண்டு கூடவே தவழ்ந்தார். அப்பிள் மரத்தடியில் நான் கூட்டிக் குவித்த சருகுக்குள் அது புகுந்தது. சில நாட்களில் இரண்டு மூன்று சருகுகளை நூலால் இழுத்துப் பிடித்து, தனக்கு ஒரு மறைப்புக் கட்டியிருந்தது. உள்ளே பார்த்தால் புழு இல்லை. கபில நிறத்தில், இரண்டு பக்கமும் ஒடுங்கிய, பழைய தோல் சப்பாத்தின் பளபளப்போடு ஒரு கூட்டுப்புழு. மிஸி விரலால் தொட்டதும் அதன் வால்பக்கம் வெடுக்கென்று திரும்பியது.

அதன் பிறகு அது யாருடையது என்ற கேள்வி வந்தது.

“செடி என்ர. அது திண்டதெல்லாம் என்ர இலை” என்றார் மிஸி.

“ஆனா அது நம்பி வந்து படுத்தது என்ர பக்கத்திலை” என்றார் மாமா.

இருவரும் இதைச் சிரிக்காமலே சொன்னார்கள். கடைசியில் ஒரு மண்சட்டியில் மண்ணும் சருகும் போட்டு, கூட்டை அதில் வைத்து, வலைச்சீலையால் மூடி, எங்கள் வீட்டில் வைப்பதென்றும் மிஸி சனிக்கிழமைகளில் வந்து பார்ப்பதென்றும் ஒரு ஒப்பந்தம் ஆனது. முதல் உறைபனி விழுந்ததும் மாமாவுக்கு மனம் பொறுக்கவில்லை. சட்டியைக் கொண்டுவந்து குசினியில் சுடுதண்ணீர் பொயிலருக்குப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் தன் கழுத்துத் துணியையும் சுற்றிவிட்டார். சனிக்கிழமை மிஸி வந்து பார்த்து, முதல்தடவையாக அவரில் கோபப்பட்டார்.

“என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்? சூட்டிலை காஞ்சு செத்துப்போகும். இல்லாட்டிக் கோடை வந்திட்டுது எண்டு நினைச்சு மாசியிலை வெளிக்கிடும். அது எங்களை மாதிரி வந்தேறு குடி இல்லை. இஞ்சை பிறந்தது. குளிர் அதுக்குப் பழக்கம்.”

மாமா சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கொட்டிலில் வைத்தார். திரும்பி வந்து தேத்தண்ணி போட்டார். அதுவரைக்கும் அந்த வீட்டில் தேத்தண்ணி போடுவது நான்தான்.

அந்தக் குளிர்காலச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். கூட்டுப்புழுவைப் பார்க்க அரை நிமிடம் போதும். அது கிடந்த இடத்தில் கிடக்கும். ஆனால் மிஸி வந்து போக இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். முதலில் கொட்டிலில் நின்று பேசினார்கள். பிறகு குளிர் என்று குசினிக்கு வந்தார்கள். மிஸி மீன்குழம்பு கொண்டுவந்தார். சனிக்கிழமை மாமா மரக்கறி மட்டும்தான் என்று தெரிந்ததும் அடுத்த வாரம் தேங்காய்ப்பாலில் வைத்த வெள்ளைக்கறி வந்தது; மீன்குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. ஆக, ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டியதாயிற்று. நத்தாருக்குக் கேக் வந்தது, பொங்கலுக்குப் பொங்கல் போனது. மிஸி ஆஸ்பத்திரிக் கதைகள் சொல்வார். மாமா விமானத்தில் வருகிற விசித்திரமான பெட்டிகளைப் பற்றிச் சொல்வார். ஒருமுறை மிஸி புத்தகத்தில் இன்னொரு விஷயம் வாசித்துவிட்டு வந்தார்: சில கூடுகளிலிருந்து பூச்சிக்குப் பதிலாகக் குளவி வருமாம். புழுவாக இருக்கும்போதே குளவி அதற்குள் முட்டை வைத்துவிடுமாம். அன்றைக்கு மாமா சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தச் செய்தி ஹரோவுக்குப் போகாமல் இருக்குமா? யாரோ கோயிலில் வைத்து அம்மாவின் காதில் போட்டுவிட்டார்கள். ஒரு நாள் போன் வந்தது. மாமா எடுத்தார். அம்மாவின் குரல் எனக்குக் கேட்கிற அளவுக்கு உயர்ந்திருந்தது.

“வேதக்காறப் பொம்பிளையோடை நீ தோட்டத்திலை நிண்டு கதைக்கிறியாம்.”

“கதைக்கேல்லை அக்கா. புழுப் பாக்கிறம்.”

 அம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். “மாமாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ பிள்ளை?” என்று கேட்டார். நான் இல்லை, புழு உண்மைதான் என்றேன். அது அவரை இன்னும் குழப்பியது.

பங்குனியில் மிஸி ஒரு சனிக்கிழமை வந்து, கூட்டைப் பார்த்துவிட்டு, இருக்காமல் நின்றபடியே ஒரு செய்தி சொன்னார். ரொறன்ரோவில் இருக்கிற அவருடைய தமையன் அவரை அங்கே கூப்பிட அலுவல் பார்த்துக்கொண்டிருந்தாராம். விசா வந்துவிட்டது. சித்திரை முடியப் போகலாம் என்று இருக்கிறாராம். தமையனுக்கு அங்கே பெரிய வீடு. தனியாக இந்தக் குளிரில் ஏன் கிடக்கிறாய் என்று கேட்கிறாராம். அதைவிட அங்கே குளிர் கூட என்று நான் சொல்ல நினைத்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாமா மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினார். பிறகு இடப்பக்கம் நகர்த்தினார்.

“இவ்வளவு நாள் பாத்திட்டம். இது வெளிக்கிடுற வரைக்கும் நிண்டு பாத்திட்டுப் போங்கோவன்” என்றார்.

அவருடைய வாழ்க்கையில் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.  மிஸி கதிரையை இழுத்து இருந்தார். “அது ஆனிக்குத்தானே” என்றார். “ஓம்” என்றார் மாமா. “சரி. ஆனி கடைசிக்குப் போறன்” என்றார் மிஸி.

அதிலிருந்து மாமாவின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கூடு செத்துப்போனால் மிஸி போய்விடுவார். கூடு வெடித்துப் பூச்சி வந்தாலும் மிஸி போய்விடுவார். அது உயிரோடும் இருக்க வேண்டும், வெளியே வரவும் கூடாது. வைகாசி வெயில் கொஞ்சம் கூடுதலாக அடித்தால் சட்டியை நிழலுக்கு மாற்றுவார். பிறகு மனம் கேட்காமல் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். ஒருநாள் நான், “நீங்கள் வாயைத் திறந்து கேட்டால் என்ன மாமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “அக்கா என்ன சொல்லுவாவோ” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அவ இல்லையெண்டு சொன்னா, பிறகு சனிக்கிழமையும் இல்லாமப் போயிடும் பிள்ளை” என்றார். 

ஆனி நடுப்பகுதியில் கூடு கறுத்தது. தொட்டாலும் அசையவில்லை. மிஸி வந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போனார். அது அழுகிவிட்டது என்று நாங்கள் மூவரும் தனித்தனியே முடிவு செய்துவிட்டோம். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அம்மா வந்து இறங்கினார். அண்ணை அவரைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாமான் வாங்கப் போய்விட்டார். அம்மாவின் கைப்பையில் கொழும்பில் இருக்கிற ஒரு பெண்ணின் படம் இருந்தது. இந்த முறை “நல்ல பிள்ளைதான்” என்ற பதிலை ஏற்பதில்லை என்ற தீர்மானம் அவர் முகத்தில் இருந்தது.

அம்மாவைத் தோட்டத்தில் கதிரை போட்டு இருத்தினோம். படத்தை எடுக்க அவர் பையைத் திறந்த நேரத்தில், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீன்குழம்புச் சட்டியோடு மிஸி வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா படத்தை வெளியில் எடுக்கவுமில்லை, பையை மூடவுமில்லை. மிஸி குழம்பை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பப் போனவர், போகிற போக்கில் வழக்கம்போல மண்சட்டியைக் குனிந்து பார்த்தார்.

“இஞ்சை வாங்கோ” என்றார். அவர் அப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

கூட்டின் தலைப்பக்கம் வெடித்திருந்தது. உள்ளே ஈரமான ஏதோ ஒன்று அசைந்து, தள்ளி, வெளியே வந்தது. காலை ஊன்றி, சட்டியில் குத்தியிருந்த தடியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. பார்க்கப் பரிதாபமாக இருந்தது. உடம்பு பெரிசு, செட்டை இருக்க வேண்டிய இடத்தில் கசங்கிய கடதாசித் துண்டுபோல இரண்டு. அம்மாவும் கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார்.

“ஐயோ பாவம். ஊனமாய்ப் பிறந்திட்டுது” என்றார் அம்மா.

“இல்லை அக்கா. இனித்தான் செட்டை விரியும். கொஞ்சம் பொறுங்கோ” என்றார் மிஸி.

நாங்கள் நான்கு பேரும் சட்டியைச் சுற்றிக் குந்தினோம். அது தடியில் தொங்கிக்கொண்டு சும்மா இருந்தது. அம்மா மூச்சுக்குள் முருகனைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. மிஸி சேலைத் தலைப்புக்குள் சிலுவை போட்டுக்கொண்டதையும் கண்டேன். அம்மாவும் அதைக் கண்டார். மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், செட்டைகள் நீண்டன. சுருக்கம் விட்டது. பாசிப்பச்சையில் ரோஸ் கரை போட்டு, அடிவயிறு முழுக்க ரோஸ் பூசி, வெள்ளைக் கால்களோடு அது முழுசாக விரிந்து நின்றது. மாமா, “அச்சிலை பிழையில்லை” என்றார்.

“இதென்ன, கூறைச்சேலை உடுத்தின மாதிரி” என்றார் அம்மா.

அண்ணை காரோடு வந்து ஹோன் அடித்தார். அம்மா என்னை அனுப்பி, “கொஞ்சம் பொறுக்கச் சொல்லு” என்றார். வெளிச்சம் மங்கத் தொடங்கும்வரை அண்ணை காரிலேயே இருந்தார். அந்திக் குளிர் இறங்கியதும் பூச்சி செட்டையை நடுக்கியது. நடுக்கம் கூடிக் கூடி, உடம்பே தெரியாத ஒரு அதிர்வாக மாறி, சட்டென்று எழும்பி, தொங்கட்டான் பூச்செடியை ஒருமுறை சுற்றிவிட்டு, கூரைக்கு மேலாகப் போய்விட்டது.

அம்மா மிஸியின் பக்கம் திரும்பினார். “நீங்கள் கனடா போறீங்களாம். எப்ப?” என்று கேட்டார்.

“இது வெளிக்கிட்டாப் பிறகு எண்டுதான் இவருக்குச் சொன்னனான்” என்றார் மிஸி.

இவர். எங்கள் ஊரில் ஒரு பெண் அந்தச் சொல்லை அந்தத் தொனியில் ஒருவரைப் பற்றித்தான் சொல்வாள். அதுவரை அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் எப்போது அதை விட்டார் என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவின் காது அதைப் பிடித்துக்கொண்டது. அவர் மிஸியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். நாற்பத்து மூன்று வயதில் வெறும் மண்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற தம்பி. தான் உட்பட நாலு பெண்களின் பின்னால் நின்று நின்று பழகிப்போன தம்பி. அம்மா கைப்பையை மூடினார்.

“டேய் தம்பி, வாயைத் திறக்கப்போறியா, இல்லை இந்தப் பிள்ளை பிளேன் ஏறட்டோ?”

“தை மாசத்திலை இருந்து சொல்லத்தான் நிக்கிறன் அக்கா” என்றார் மாமா.

“அதை அக்காவுக்கு ஏன் சொல்லுறியள்? எனக்குச் சொல்லுங்கோ” என்றார் மிஸி.

மாமா சொன்னார். அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. அவருடைய வாய் அசைந்தது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அது கடந்த பிறகு மிஸி, “கேக்கேல்லை” என்றார். பாவம் மனிதர், எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டியதாயிற்று. இந்த முறை எல்லோரும் கேட்டோம். அது அவர்கள் இருவருடையது என்பதால் இங்கே எழுதவில்லை.

கலியாணம் அந்த இலையுதிர் காலத்திலேயே நடந்தது. முதல் நாள் சேர்ச்சில், மறுநாள் கோயிலில். இரண்டு பக்கத்தாரும் இரண்டு இடத்துக்கும் வரவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. கூறை எடுக்க அம்மா மிஸியையும் என்னையும் சவுத்தோலில் கடை கடையாக இழுத்துக்கொண்டு திரிந்தார். கடைக்காரர்கள் சிவப்பும் அரக்கும் எடுத்துப் போட்டார்கள். அம்மா தலையை ஆட்டி, ரோஸும் பாசிப்பச்சையும்தான் வேண்டும் என்று நின்றார். தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் “பூச்சிக் கலர்” என்று விளக்கினார். கடைசியில் கிடைத்தது.

தொண்ணூறுகள் முழுக்க அந்த வீடு கலகலப்பாக இருந்தது. நான் கலியாணம் முடித்து ஹரோவுக்குப் போய்விட்டேன். பிள்ளைகளோடு கோடையில் அங்கே போவோம். மாமா செடியிலிருந்து கிளைகளை வெட்டி நட்டு, தோட்டத்தின் பாதியைத் தொங்கட்டான் பூவாக்கியிருந்தார். புழு சில வருடம் வரும், சில வருடம் வராது. ஹவுன்ஸ்லோவில் எந்தத் தமிழ்வீட்டில் யார் தோட்டத்தில் பாம்பு கண்டாலும் முதலில் மாமாவுக்குத்தான் போன் போகும். அவர் ஆறுதலாக நடந்துபோய், புழுவைக் கையில் ஏறவிட்டு, “பயப்பிடாதேங்கோ, இது கண் இல்லை” என்று விளங்கப்படுத்திவிட்டு வருவார். தான் முதன்முதலாக அதைக் கண்டு ஓடிய கதையை மட்டும் சொல்லமாட்டார். அதை மிஸி சொல்வார்.

இப்போது அம்மா இல்லை. மாமாவும் போய்ச் சில வருடங்களாகின்றன. நித்திரையில், நோவில்லாமல் போனார். மிஸியை நான் மாமி என்று கூப்பிடப் பழகி இவ்வளவு காலமாகியும் எழுத வந்தால் மிஸி என்றுதான் கை போகிறது. எழுபது தாண்டிவிட்டார். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறார். போன மாதம் பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டேன். அந்த ஆனி மாதம் அம்மா வராமல் இருந்திருந்தால், மாமா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், உண்மையிலேயே கனடாவுக்குப் போயிருப்பீர்களா?

மாமி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“நான் சித்திரையிலேயே கனடா அண்ணைக்குச் சொல்லிட்டன், வரேல்லை எண்டு. டிக்கெட்டே எடுக்கேல்லை.”

நான் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தேன். “அப்ப ஏன் ஆனி வரைக்கும் அந்த மனுசனைத் தவிக்க விட்டனீங்கள்?”

“ஒவ்வொரு சனிக்கிழமையும் சேட்டை அயன் பண்ணிப் போட்டு, இருக்கிற நாலு மயிரையும் தண்ணி தொட்டு இழுத்து, புழுப் பாக்கிற ஆள் மாதிரி நிப்பார். எனக்கு அதைப் பாக்க ஆசையா இருந்தது. ஏன் கெடுப்பான்?”

“மாமாவுக்கு இது தெரியுமோ?”

“கலியாணம் முடிஞ்ச கையோடை சொல்லிட்டன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சார்.” மாமி ஒரு காயை எடுத்து, முற்றலா என்று பார்த்து, முறித்துப் போட்டார். “மூண்டாம் நாள் விடிய எழுப்பி, ‘அப்ப நீர் எனக்காகத்தான் நிண்டனீர், புழுவுக்காக இல்லை’ எண்டார். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.”